சைன் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? திரிகோணத்துக்கும் திருகோணமலைக்கும் உறவு உண்டா?

கணக்கு_ரீச்சர் | வியாழன், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். திருமலையில் (திருகோணமலையில்) தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். இந்த வாரம் திரிகோணகணிதம் தொடங்கினோம். வழமைபோல் செங்கோண முக்கோணி ஒன்றைக் கீறி, எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் சைன், அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்தால் கோசைன் என்று எழுதிக்கொண்டு போனேன். பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், செங்கோணம் என்றால் விளங்குது, எதிர்ப்பக்கம் என்றால் விளங்குது. சைன் என்றால் என்ன?" என்று கேட்டாள். சூத்திரத்தைத் திரும்பச் சொன்னேன். "அது எப்படிக் கணக்கிடுறது என்றுதானே சொல்லுறீங்கள், அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்றாள்.

பதினாறு வருடமாகப் படிப்பிக்கிறேன். ஒருமுறைகூட நான் என்னையே கேட்காத கேள்வி.

பக்கத்திலிருந்த பெடியன் இன்னொன்றையும் தூக்கிப் போட்டான். "திரிகோணகணிதம் எங்கட ஊர்ப் பெயரிலதானே இருக்கு? திரிகோணமலை!" வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த வகுப்பு. அதற்குள் இரண்டு கேள்விக்கும் சரியான விடை வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூர்_பெடியன் | வியாழன், இரவு 8.58

ரீச்சர், நான் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்கிறேன். நாள் முழுக்கச் சைனோடுதான் இருக்கிறேன், எனக்கும் தெரியாது. தமிழில் எழுதினால் கையெழுத்து வைப்பதும் சைன், கடைக்கு முன்னால் தொங்குவதும் சைன் போர்ட், இதுவும் சைன். சின்ன வயதில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

பழஞ்சொல் | வியாழன், இரவு 10.15

ரீச்சர், அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். நல்ல கேள்வி. விடை அவளுடைய பாடப்புத்தகத்திலேயே வேறு அலகில் இருக்கிறது.

வட்டம் படிப்பிக்கும்போது பரிதியின் ஒரு துண்டை என்னவென்று சொல்லுகிறீர்கள்? வில். அந்த வில்லின் இரண்டு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு? நாண். அம்பு எய்கிற வில், அதில் கட்டுகிற நாண், அவைதான். நாமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியதால் படம் கண்ணில் படுவதில்லை. வட்டத்தில் ஒரு வில்லையும் நாணையும் கீறி, வட்டத்தின் மற்றப் பகுதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். வில் தெரியும்.

வடமொழியில் நாணுக்கு ஜ்யா என்று பெயர். ஜீவா என்றும் சொல்வார்கள். வானத்தில் கோள் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டவர்களுக்கு முழு நாணைவிடப் பாதி நாண்தான் வேலைக்கு உதவியது. அதை அர்த்தஜ்யா, அதாவது அரை நாண் என்றார்கள். எழுதி எழுதி 'அர்த்த' உதிர்ந்துபோய் ஜ்யா மட்டும் மிஞ்சியது. ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில் இந்த அரை நாண்களுக்கான அட்டவணையை ஒரே செய்யுளுக்குள் அடக்கி வைத்திருக்கிறார். அந்த ஜ்யாதான் இன்றைய சைன்.

ஒலி எங்கே, இது எங்கே என்று கேட்பீர்கள். இடையில் இரண்டு மொழி தாண்டி வந்திருக்கிறது. அரபு தெரிந்தவர்கள் யாராவது வந்தால் நல்லது. நான் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் தெளிவாக இருக்கும்.

கணக்கு_ரீச்சர் | வியாழன், இரவு 10.41

இப்போதே கொப்பியில் கீறிப் பார்த்தேன். மையத்திலிருந்து நாணின் நடுவுக்கு ஒரு கோடு போட்டால் நாண் சரிபாதியாகிறது, அங்கே செங்கோணம் வருகிறது, வட்டத்தின் ஆரை செம்பக்கமாகிறது, அரை நாண் எதிர்ப்பக்கமாகிறது. ஆரையை 1 என்று எடுத்தால் எதிர்ப்பக்கமே சைன். வட்டத்தின் நாண் பற்றிய தேற்றம் ஒரு அலகில், திரிகோணகணிதம் வேறு அலகில் என்று தனித்தனியாகப் படிப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டும் ஒரே படம்!

கிண்ணியா_கடலோரம் | வெள்ளி, மாலை 2.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஜும்ஆ முடிந்து வந்து இதைப் பார்த்தேன். நான் கிண்ணியா. கணிதம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது, ஆனால் அரபு ஓதிப் படித்தவன், அதனால் இந்தப் பகுதியை நான் சொல்கிறேன்.

8-ஆம் நூற்றாண்டிலிருந்து பக்தாதில் இந்திய வானியல் நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். ஜீவா என்ற சொல்லுக்கு அவர்கள் பொருள் பெயர்க்கவில்லை, ஒலியையே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுத்தில் அது ஜீபா ஆனது. அரபை எழுதும்போது குர்ஆனைப் போல ஹரக்கத் (உயிரொலிக் குறி) போட்டு எழுதுவது அரிது. மெய்யெழுத்துகளை மட்டும் எழுதுவார்கள், உயிரொலியை வாசிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஜீம், யா, பா என்ற மூன்று எழுத்தைப் பார்க்கும் அரபிக்கு ஜீபா என்று வாசிக்கத் தோன்றாது. அப்படி ஒரு அரபுச் சொல் கிடையாது. ஜைப் என்றுதான் வாசிப்பான். அது அவனுக்கு வீட்டுச் சொல்.

ஜைப் என்றால் சட்டையின் கழுத்துத் திறப்பு, நெஞ்சுப் பகுதி, ஆடையின் மடிப்பு. குர்ஆனில் மூசா நபியிடம் கையை நெஞ்சுப் பக்கமாகச் சட்டைக்குள் நுழைக்கச் சொல்லும் இடத்தில், சூரா நம்லில் 12-ஆவது வசனம், இந்தச் சொல்தான் வருகிறது. இன்றைய அரபில் ஜைப் என்றால் சட்டைப் பை.

12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்தவர்கள் அரபு நூல்களை இலத்தீனுக்குப் பெயர்த்தபோது, இந்த ஜைபுக்கு நேரான இலத்தீன் சொல்லாக சைனஸ் என்று போட்டார்கள். இலத்தீனில் சைனஸ் என்றால் நெஞ்சு, மடி, ஆடை மடிப்பு, வளைவு. அதன் வால் உதிர்ந்ததுதான் சைன்.

இன்னொன்றையும் பாருங்கள். அரபு ஜைப் பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கும் வந்திருக்கிறது. ஜேப்பு, சேப்பு என்று சட்டைப் பையைச் சொல்வார்களே, அதுதான். ஜேப்படித் திருடன் என்பதில் இருப்பதும் அதுதான்.

மூதூர்_பெடியன் | வெள்ளி, மாலை 4.05

நானா, அப்படியென்றால் ஜேப்படித் திருடனில் இருக்கிற ஜேப்பும், நான் பரீட்சையில் எழுதுகிற சைனும் ஒரே இடத்தைத் தொட்டு வந்தவையா? இதை நான் மறக்கவே மாட்டேன்.

சாம்பல்தீவு | வெள்ளி, மாலை 5.30

நல்ல தகவல்கள். ஆனால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாண் என்று பொருளுள்ள சொல்லை ஒருவன் தப்பாக வாசித்து, இன்னொருவன் தப்பாக மொழிபெயர்த்து, கடைசியில் பொருளே இல்லாத சைன் நம் பிள்ளைகள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. இந்தப் பிழையை ஏன் நாம் சுமக்க வேண்டும்? பாடப்புத்தகத்தில் அரைநாண் என்று போட்டால் என்ன?

கிண்ணியா_கடலோரம் | வெள்ளி, இரவு 9.10

தம்பி, உங்கள் ஆதங்கம் விளங்குகிறது. ஆனால் இலத்தீன்காரர் பிழை விட்டார் என்று சொல்வது நியாயமில்லை. அவர் கையில் வந்த அரபு நூலில் வானியலாளர்களே அதை ஜைப் என்றுதான் வழங்கினார்கள். இன்றும் அரபு நாட்டுப் பாடசாலையில் சைனுக்கு ஜைப் என்றுதான் பெயர். சுருக்கி ஜீம், அலிஃப் போட்டு 'ஜா' என்று எழுதுவார்கள். கோசைன் ஜைப் தமாம். ஆகவே மொழிபெயர்த்தவர் தன் முன்னால் இருந்த சொல்லைச் சரியாகவே பெயர்த்தார். இரவல் சொல் ஒன்று ஊர்ச்சொல்லின் உடுப்பைப் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான் நடந்தது. அந்த உடுப்பை நம்பி நூற்றாண்டுக் கணக்காகக் கணக்கு ஓடியிருக்கிறது, விடை ஒன்றும் பிழைக்கவில்லை.

உவர்மலைவாசி | சனி, காலை 6.50

வணக்கம். நான் நில அளவையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். முப்பது வருடத்துக்கு மேல் கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தோளில் சுமந்தவனுக்கு இந்த இழை பெரிய விருந்து.

சைனஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு, அதை ஒருவரும் சொல்லவில்லை. திருமலைக்காரர் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். கடல் நிலத்துக்குள் வளைந்து புகும் இடமும் சைனஸ்தான். அதாவது குடா. பழைய கிரேக்க அறிஞர் தொலமியின் புவியியலை இலத்தீனில் பெயர்த்து அச்சிட்ட பழைய வரைபடங்களில் வங்காள விரிகுடாவுக்கு மேல் 'சைனஸ் கஞ்செட்டிகஸ்' என்று எழுதியிருக்கும். கங்கைக் குடா என்று பொருள். அந்த விரிகுடாவின் விளிம்பில் நாம் இருக்கிறோம். நமக்குத் தெற்கே கொட்டியாரக் குடா, இந்தப் பக்கம் டச்சுக்குடா. கோணேசர் கோயில் நிற்கும் சாமி மலையில் ஏறி நின்று பார்த்தால் கரை எப்படி மடிந்து மடிந்து போகிறது என்று தெரியும். ஆடை மடிப்பையும் குடாவையும் ஒரே சொல்லால் சொன்னவர்கள் கண் நல்ல கண்.

தடிமல் பிடித்தால் டாக்டர் சைனஸ் என்கிறாரே, அதுவும் அதே சொல். மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் குழிவுகள்.

மூதூர்_பெடியன் | சனி, காலை 9.30

ஐயா, நான் ஒவ்வொரு நாளும் பார்ப்பது கொட்டியாரக் குடாவைத்தான்!

எனக்கு ஒரு சந்தேகம். நேற்று இரவு இணையத்தில் தேடினேன். கோசைனுக்கு வடமொழியில் கோடிஜ்யா என்று பெயராம். கோடிஜ்யா, கோசைன். முன்னால் 'கோ' அப்படியே இருக்கிறது. ஆக ஜ்யா சைன் ஆனதுபோல் கோடிஜ்யா கோசைன் ஆகியிருக்கிறது, சரியா?

பழஞ்சொல் | சனி, பகல் 11.55

தம்பி, இந்த இடத்தில் கால் வழுக்காதவர்கள் குறைவு. எனக்கும் ஒரு காலத்தில் வழுக்கியது. விடை, இல்லை.

கோடி என்றால் முனை. தெருக்கோடி என்கிறோமே. வில்லின் முனைக்கும் கோடி என்றே பெயர். மன்னாருக்கு அக்கரையில் தனுஷ்கோடி இருக்கிறது, வில்லின் முனை என்பதுதான் அந்தப் பெயர். கோடிஜ்யா அந்த முனையை வைத்து அமைந்த சொல்.

கோசைனில் இருக்கும் 'கோ' வேறு ஆள். ஒரு கோணத்தை 90 பாகைக்கு நிரப்ப எவ்வளவு வேண்டுமோ அது நிரப்புகோணம். 'நிரப்புகோணத்தின் சைன்' என்பதை இலத்தீனில் நீட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். 1620-இல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணிதர் நிரப்பு என்ற இலத்தீன் சொல்லின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்து, பின்னால் சைனஸைச் சேர்த்துச் சுருக்கினார். 60-இன் கோசைன் என்பது 30-இன் சைன். பெயரே அதைத்தான் சொல்கிறது. கோடிஜ்யா ஐரோப்பாவுக்கு ஒலியாகப் போய்ச் சேரவில்லை.

ஒரே மாதிரி ஒலிப்பவை உறவாக இருக்க வேண்டும் என்றில்லை. ஜ்யாவும் சைனும் ஒலியில் ஒட்டவே ஒட்டாது, ஆனால் ஒன்றிலிருந்து மற்றது வந்த பாதையைப் படி படியாகக் காட்டலாம். கோடிஜ்யாவும் கோசைனும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஆனால் பாதை கிடையாது.

சாம்பல்தீவு | சனி, பின்னேரம் 3.15

அப்படியானால் ரீச்சரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை. கிரேக்கத்தில் மூலைக்குக் கோனியா. தமிழில் கோணம். கோண், கோணு, கோணல் என்று குடும்பமே தமிழில் இருக்கிறது. நம் துறைமுகத்துக்குக் கப்பல் வந்துபோன காலம் எவ்வளவு பழையது! தமிழர் கோணம்தான் கிரேக்கத்துக்குப் போய்க் கோனியா ஆகி, திரிகோணகணிதமாகத் திரும்பி வந்திருக்கிறது. கோணமலையில் பிறந்தவன் என்ற முறையில் பெருமையாகச் சொல்வேன்.

பழஞ்சொல் | சனி, இரவு 10.30

உங்கள் பெருமை எனக்கும் உண்டு. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

கோண், கோணு, கோணல், கோணம் என்ற குடும்பம் தமிழில் வேரோடு இருக்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வளைவதுதான் அடிப்படை. கோடுதல் என்றாலும் வளைதல். 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்று குறளில் வருகிறதே, அம்பு நேராக இருந்தும் கொடியது, யாழ் வளைந்திருந்தும் நல்லது. இன்று நாம் கோடு என்றதும் நேர்கோட்டை நினைக்கிறோம். குறளில் அது வளைவு. கணக்குப் பாடத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டிய குறள் அது.

இனிக் கோனியா. அது கிரேக்கத்தில் தனியே நிற்கும் சொல் இல்லை. கோனு என்றால் முழங்கால். மடங்கும் முழங்காலிலிருந்துதான் மூலைக்குப் பெயர் வந்தது. இந்தக் கோனுவுக்கு உடன்பிறப்புகள் இருக்கின்றன. இலத்தீனில் கெனு. ஆங்கிலத்தில் முழங்காலை 'நீ' என்று ஒலிக்கிறார்கள், ஆனால் எழுதும்போது முன்னால் ஒரு 'க்' எழுத்து ஒலிக்காமல் நிற்கிறது. அது பழைய ஒலியின் எச்சம். வடமொழியில் இதன் உடன்பிறப்பு எது தெரியுமா? ஜானு. கிரேக்கத்தில் இந்த வகைச் சொற்களில் 'க' நிற்கும் இடத்தில் வடமொழியில் 'ஜ' நிற்கும். கிரேக்கத்தில் கெனோஸ் என்றால் வடமொழியில் ஜன. இது ஒழுங்காக நடக்கிற மாற்றம்.

ஜானுவைத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். நெடிய, வாட்டசாட்டமான மனிதரை ஆஜானுபாகு என்கிறோம். ஜானு வரை நீண்ட பாகு, அதாவது முழங்காலைத் தொடும் கைகள் உடையவர். திரிகோணகணிதத்தின் ஐரோப்பியப் பெயருக்குள் இருக்கும் கோனியாவின் உறவைத் தமிழில் தேடினால், கோணத்தில் இல்லை, ஆஜானுபாகுவில் இருக்கிறது.

ஆகவே கோனியா தமிழிலிருந்து போயிருக்க வழியில்லை. அது அவர்கள் வீட்டில் முழங்காலோடு பிறந்தது. கோணம் நம் வீட்டில் வளைவோடு பிறந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே சாயலில் ஒரு பிள்ளை.

ஆனால் இவை இரண்டும் ஒருமுறை சந்தித்திருக்கின்றன, அதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். சோதிடத்தில் கேந்திரம், திரிகோணம் என்று சொல்வார்களே. லக்கினத்திலிருந்து 1, 5, 9 திரிகோணம். கிரேக்கச் சோதிடம் இந்தியாவுக்கு வந்தபோது கூடவே சொற்களும் வந்தன. ஓரை கிரேக்க ஓரா. கேந்திரம் கிரேக்கக் கென்றோன், கூர்முனை என்று பொருள், வட்டத்துக்கு நடுவில் குத்துகிற முனை. திரிகோணம் கிரேக்கத் திரிகோனோன். 6-ஆம் நூற்றாண்டில் வானியல், சோதிட அறிஞர் வராகமிகிரர் எழுதியவற்றில் இவை தாராளமாக வருகின்றன. கிரேக்கச் சொல்லைக் கேட்டவர்களுக்குத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த கோணம் காதில் விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஜீபாவைப் பார்த்த அரபிக்கு ஜைப் தெரிந்தது போலத்தான். அந்தக் காலக் கணித நூல்களைப் பார்த்தால் மூன்று பக்க உருவத்துக்குத் திரிபுஜம் என்பார்கள். புஜம் என்றால் தோள், கை. பக்கத்தை எண்ணினார்கள்.

'திரி' மட்டும் உண்மையிலேயே உறவு. கிரேக்கத் திரியும் வடமொழித் திரியும் ஒரு தாய்ப் பிள்ளைகள். தமிழில் நாம் மூன்று, மு என்போம், ஆகவே முக்கோணி.

சாம்பல்தீவு | சனி, இரவு 11.20

அண்ணை, இரண்டு தரம் வாசித்தேன். ஆஜானுபாகுவை நான் எதிர்பார்க்கவில்லை. கோணம் நம்முடையது என்பது நிற்கிறது, கோனியா அவர்களுடையது என்பதும் விளங்குகிறது. ஏற்றுக்கொள்கிறேன். அப்போது ஊர்ப் பெயரில் இருக்கும் கோணம்?

உவர்மலைவாசி | ஞாயிறு, காலை 7.10

இதற்கு நான் பதில் சொல்கிறேன். முதலில் முன்பகுதியைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி என்று இருப்பதைப் பார்த்துத்தான் பலர் 'திரி, மூன்று, மூன்று மூலை மலை' என்று போகிறார்கள். ஐரோப்பியர் 'திரு'வைக் கேட்டு எழுதியதெல்லாம் இப்படித்தான் ஆகியிருக்கிறது. திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினோபொலி ஆனது. திருவனந்தபுரம் ட்ரிவாண்ட்ரம் ஆனது. அங்கெல்லாம் மூன்று எங்கே இருக்கிறது? ஆகவே ஆங்கில எழுத்தை வைத்து ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்லக்கூடாது.

பழைய தமிழ்ச் சான்று நமக்கு இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை யமர்ந்தாரே' என்று முடிகிறது. அங்கே திருவும் இல்லை, திரியும் இல்லை. கோணம், மா, மலை. பெயரின் உடல் கோணமலை, திரு மரியாதைக்கு முன்னால் சேர்ந்தது. நாம் பேசும்போது இன்னும் சுருக்கித் திருமலை என்கிறோம், நடுவில் இருந்த கோணத்தையே விட்டுவிட்டோம்.

கோணத்துக்கு வளைவு என்ற பொருளை வைத்துக்கொண்டு கடலிலிருந்து சாமி மலையைப் பாருங்கள். கரை நேரே வந்து, திடீரென்று கடலுக்குள் முறுகித் திரும்பும் இடம் அது. அளவை நாடா பிடித்த எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது.

மூதூர்_பெடியன் | ஞாயிறு, காலை 8.45

ஐயா, பாளி நூல்களில் கோகண்ண என்று ஒரு துறை வருகிறது, அது இந்த ஊர்தான் என்று படித்திருக்கிறேன். வடமொழியில் கோகர்ணம், பசுவின் காது. இந்தியாவில் தமிழ்ப் புத்தகத்தில் செம்பக்கத்துக்குக் கர்ணம் என்றுதானே சொல்வார்கள்? அதுவும் காதா?

பழஞ்சொல் | ஞாயிறு, பகல் 12.05

ஆமாம் தம்பி, அதே சொல். வடமொழிக் கணிதத்தில் கர்ணம் என்றால் செங்கோண முக்கோணியின் நீண்ட பக்கம், நாற்பக்க உருவத்தின் மூலைவிட்டமும் அதுதான். எனக்கு நம் செம்பக்கம்தான் பிடிக்கும். செம்மை என்றால் நேர், ஒழுங்கு. செங்கோல் என்றால் வளையாத கோல். செங்கோணம் என்றால் வளைவுகளுக்குள் நேரானது. அந்தச் செங்கோணத்துக்கு எதிரே கிடப்பது செம்பக்கம். யாரும் விளக்காமலே ஒரு பிள்ளை கண்டுபிடிக்கக்கூடிய சொல்.

கோகண்ண பற்றிய பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த இழையில் கணிதத்தோடு நிற்போம்.

கணக்கு_ரீச்சர் | செவ்வாய், இரவு 8.15

வகுப்பு முடித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் சூத்திரம் எழுதவில்லை. வீட்டு முற்றத்திலிருந்து ஈர்க்கில் ஒன்று கொண்டுபோனேன். இரண்டு முனையிலும் நூல் கட்டி வளைத்தேன். "இது என்ன?" என்று கேட்டேன். வில் என்றார்கள். "நூல்?" நாண். அதைப் பலகையில் வைத்துச் சுற்றிவர வட்டத்தைக் கீறினேன். நூலின் நடுவில் சோக்கால் ஒரு புள்ளி வைத்து, மையத்தோடு இணைத்து, "இந்தப் பாதி நூல்தான் சைன்" என்றேன். கேள்வி கேட்ட பிள்ளை, "அப்ப ஏன் அதுக்கு நாண் என்றே பேர் வைக்கேல்லை?" என்றாள். ஜீபாவையும் ஜைபையும் கொட்டியாரக் குடாவையும் சொல்லி முடிக்க மணி அடித்துவிட்டது. ஒருவரும் எழும்பவில்லை.

ஆஜானுபாகுவைச் சொன்னபோது வகுப்பில் மிக உயரமான பெடியனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினான், முழங்காலுக்கு எட்டவில்லை.

நான் ஒரு இடத்தில் மாட்டினேன். "தான்சன் என்றால் என்ன?" என்று உடனே கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுக்கிறோமே, அந்தத் தான்சன். தொடலி என்ற சொல் ஞாபகம் வந்தது. அந்த இலத்தீன் சொல்லுக்குத் தொடுவது என்று பொருள் என்று சொல்லி, வட்டத்தைத் தொடும் கோட்டைக் கீறிக் காட்டினேன். சரிதானே?

பழஞ்சொல் | செவ்வாய், இரவு 9.00

மிகச் சரி. 1583-இல் தோமஸ் ஃபிங்க் என்ற டேனிஷ் கணிதர் வைத்த பெயர். நம் தொடலி அதைவிடத் தெளிவு. ஆனால் அவர் வைப்பதற்கு முன் அதற்கு வேறு அழகான பெயர் இருந்தது. கிண்ணியா நானா சொல்லட்டும்.

கிண்ணியா_கடலோரம் | செவ்வாய், இரவு 9.50

நிழல். அரபில் ழில். இன்றும் அரபுப் பாடப்புத்தகத்தில் தான்சனுக்கு ழில் என்றுதான் பெயர். இலத்தீனிலும் முன்பு நிழல் என்றே எழுதினார்கள். நிலத்தில் ஒரு கம்பை நட்டு, சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நிழலின் நீளத்தை வைத்துக் கணக்கிட்டதிலிருந்து வந்தது.

ரீச்சர், இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல மிக இலகு. பின்னேரத்து அஸர் தொழுகை நேரம் எப்போது தொடங்குகிறது? நடுப்பகலில் இருந்த நிழலைக் கழித்துவிட்டு, மிச்ச நிழல் கம்பின் உயரத்துக்குச் சமமாகும்போது. மணிக்கூடு இல்லாத காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் கம்பு நட்டுப் பார்த்தார்கள். சூரியன் நேர் உச்சிக்கு வருகிற நாளில் நடுப்பகல் நிழலே இருக்காது. அன்று கம்பும் நிழலும் சமமானால் சூரியன் 45 பாகையில் நிற்கிறது, தான்சன் 1. திருமலையிலும் வருடத்தில் இரண்டு தடவை அப்படி ஒரு நாள் வரும். அன்று பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கணக்கு_ரீச்சர் | செவ்வாய், இரவு 10.05

நானா, கட்டாயம் செய்கிறேன். அந்த நாளைக் கலண்டரில் குறித்து வைப்பேன்.

மூதூர்_பெடியன் | புதன், இரவு 11.40

ரீச்சர், தூக்கம் வராமல் எழுதுகிறேன். ஆரியபட்டரின் அந்த ஒரு செய்யுளில் இருக்கும் எண்களைத் தேடி எடுத்தேன். மொத்தம் 24. ஒவ்வொன்றும் 3 பாகை 45 கலைக்கு (ஒரு பாகைக்கு 60 கலை) ஒருமுறை அரை நாண் எவ்வளவு கூடுகிறது என்று சொல்கிறது. அவர் எடுத்த ஆரை 3438. வட்டம் முழுக்க 21600 கலை, அதை 2π-ஆல் வகுத்தால் 3437.75 வருகிறது, அதைத்தான் முழு எண்ணாக்கியிருக்கிறார்.

30 பாகைக்கு எட்டுப் படி. ஆகவே முதல் எட்டு எண்ணையும் கூட்டினேன். 225, 224, 222, 219, 215, 210, 205, 199. கல்குலேட்டர் தொடவில்லை. 1719 வந்தது. 3438-இன் சரிபாதி. 30-இன் சைன் அரை என்று தரம் 11-இல் பாடமாக்கிய அதே அரை!

பிறகு 45 பாகைக்கும் பார்த்தேன். பன்னிரண்டு எண், 2431. ஆரையால் வகுத்தேன், 0.7071. இன்னும் பன்னிரண்டு எண் மிச்சம் இருக்கிறது.

கணக்கு_ரீச்சர் | வியாழன், காலை 5.55

தம்பி, அந்த 24 எண்ணையும் வரிசையாக இங்கே போட்டுவிடுங்கள். இன்று பின்னேரம் பலகையில் எழுதப் போகிறேன்.

மூதூர்_பெடியன் | வியாழன், காலை 6.20

225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7.

எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் ரீச்சர். அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.